நல்லா வந்த ரிப்போர்ட்

போன வாரம் மரபணு ஆலோசனை படிக்கும் உங்கள் புதுப் பேட்ச்சிடம் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், ரிப்போர்ட்டைச் சொல்லும்போது ஃபேமிலி அழுதா நாம என்ன செய்யணும்?" என்று கேட்டாள். எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தீர்கள். நானும் ஏதோ சொன்னேன். மேஜையில் டிஷ்யூ வையுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், போனை அணைத்து வையுங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனேன்? அழுகிறவர்கள் அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், பிள்ளைகளா. நம்மைக் கவிழ்ப்பது அழுகை இல்லை, கேள்வி. அப்படி ஒரு கேள்வியைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மரபணு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். இரத்தத்தில் கண்டுபிடித்ததை மனுஷ பாஷையில் வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது என் வேலை. என் மச்சினர் கடைசி வரை நான் ஏதோ ஜோசியம் பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கீழே வருகிறவர்களின் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள்.

சாந்தோம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த குடும்பம். தாய் ஆரோக்கியம், மீன் விற்பவள். புருஷன் கடலுக்குப் போகிறவர், அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். மூத்தவன் அந்தோணி, இருபதைத் தொடுகிற வயசு. சின்னவள் ஜெனிபர், அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தோணிக்குச் சின்ன வயதிலேயே கால் பின்ன ஆரம்பித்தது. பிறகு கை நடுங்கியது, பேச்சு குழறியது. குடித்துவிட்டு வருகிறான் என்று அப்பா அடித்திருக்கிறார். பன்னிரண்டு வயசுப் பையனை! பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது நரம்பு தேய்கிற பரம்பரை வியாதி, மருந்து கிடையாது, சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடைசி வார்த்தையை ஆரோக்கியத்தின் மாமியார் பிடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் மாமியார் அவளுடைய சொந்தப் பாட்டிதான். நல்ல நாள், கெட்ட நாள் இல்லாமல் அதையே சொல்லிக் காட்டுவாளாம். "கட்டிக் குட்த்ததே அதுதான் மேடம். இப்ப என் வயிறு சரியில்லன்னு சொல்லுது" என்று ஆரோக்கியம் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் ரசிக்கவில்லை.

எங்களிடம் வரும்போது அந்தோணி சக்கர நாற்காலியில் இருந்தான். எங்கள் நரம்பியல் டாக்டர்தான் மரபணுவைப் பார்த்துவிடலாம் என்று இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தது. அம்மாவிடமிருந்து வந்தது, அப்பாவிடமிருந்து வந்தது என ஒரு மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். ஆனால் அதுவரை யாரிடமும் பார்க்காத மாற்றம். நோயை உண்டாக்குமா, சும்மா இருக்குமா, தெரியாது. இந்த 'தெரியாது' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு உங்களுக்கு இனிமேல் தெரியும்.

அந்த மரபணுவைப் பற்றி ஒரு பாரா சொல்லிவிடுகிறேன். அது உண்டாக்கும் புரதத்துக்கு ஒரு வேலைதான். கொழுப்போடு சேர்ந்து வருகிற வைட்டமின் ஈ-யைக் கல்லீரலில் கைபிடித்து இரத்தத்தில் ஏற்றிவிட வேண்டும். அந்தப் பிடி இல்லாவிட்டால் எத்தனை சாப்பிட்டாலும் உடம்பில் தங்காது. நரம்புகளை ஆக்ஸிஜன் நாள்தோறும் அரித்துக்கொண்டே இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிப்பது இந்த வைட்டமின். சாந்தோம் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் உப்புக்காற்றில் என்ன ஆகுமோ, அதுதான் அந்தப் பிள்ளைகளின் நரம்புக்கும் ஆகிறது. இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், இதற்கு மருந்து உண்டு. அதே வைட்டமினை அள்ளி அள்ளிக் கொடுத்தால், பிடிக்க ஆள் இல்லாமலே கொஞ்சம் இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போன நரம்பு திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். முடி கொட்டுகிறது, முகம் மங்குகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் மருந்துக்கடையில் வாங்குகிற அந்த மாத்திரைதான் அது.

அப்படியானால் உடனே கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். பழைய காகிதங்களில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்தோணி சின்னவனாக இருந்தபோதே அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டருக்கு இந்தச் சந்தேகம் வந்து, வைட்டமின் அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரர். ஆனால் அளவு சரியாக இருந்தது. அவரும் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு மருந்தில்லாத வியாதியின் பெயரை எழுதிவிட்டார். எங்கள் டாக்டரும் அதைத்தான் காட்டினார். "லெவல் நார்மலா இருந்திருக்கும்மா. அப்புறம் இந்த மாற்றத்துக்கு என்ன அர்த்தம்? தெரியலைன்னு பக்குவமா சொல்லி அனுப்பிடுங்க."

பக்குவமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை. புருஷன் மகனைத் தோளில் தூக்கி மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நான் கீய இருக்கேன்" என்று இறங்கிவிட்டார். பிள்ளையின் விஷயம் பேசும் இடத்தில் அவர் எப்போதுமே நிற்கமாட்டார். அடித்த கை அல்லவா. ஜெனிபர் பள்ளிக்குப் போயிருந்தாள். அறையில் ஆரோக்கியம், அந்தோணி, நான்.

ஒன்று கவனியுங்கள். நான் ஆரோக்கியத்திடம்தான் பேசினேன். எங்கள் டாக்டரும் அப்படித்தான், முன்னால் பார்த்தவர்களும் அப்படித்தான். தலை ஆடுகிறது, வாய் குழறுகிறது, அதனால் புத்தியும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோர் மனசிலும் ஒரு நினைப்பு. இந்த வியாதி புத்தியைத் தொடாது. படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். ஆனாலும் நாற்காலியைத் தாண்டித்தான் பேசுவோம்.

"தெரியவில்லை" என்று சொல்லி முடித்தேன். ஆரோக்கியம் அசரவில்லை.

"அதான் அப்பவே சத்து இருக்குதா பார்த்தாங்களே மேடம். ரிப்போட்டு நல்லாத்தான் வந்துச்சி."

"ஆமாம்மா, பார்த்தேன்."

"வராம இன்னா பண்ணும்? டெஸ்ட்டுன்னு தேதி குட்த்தாங்க இல்ல, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன். மருந்துக்கடை அண்ணன்கிட்ட நல்ல சத்து மாத்திரையா குடுன்னேன். பச்ச கலர்ல, எண்ணெ மாதிரி உள்ள இருக்குமே, அது. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. சுறா புட்டு, ஈரல், எல்லாம் துன்ன வெச்சேன். ரத்தம் எடுக்கச் சொல்ல புள்ள தெம்பா இருக்க வேணாம்?"

நான் சொன்ன அதே வைட்டமின் ஈ மாத்திரைதான் அது; பழைய ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தது அந்த மாத்திரையின் அளவு.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் இதைச் செய்யாதவர் யார்? சர்க்கரை டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் காபிக்குச் சர்க்கரை போடாதவர்கள் எத்தனை பேர்? என் வீட்டிலேயே ஒருத்தர் இருந்தார். டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலமே தி.நகர் போய் ஜாங்கிரி வாங்கி வருவார். டெஸ்ட் என்றால் நமக்குப் பரீட்சை. பிள்ளை பாஸ் ஆக வேண்டும். ஆரோக்கியம் தன் பிள்ளையைப் பாஸ் பண்ண வைத்துவிட்டாள்.

"இப்பவும் ஏதாவது கொடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நீ போன் பண்ணி வரச் சொன்ன இல்ல, அன்னிலேர்ந்து குட்த்துக்கினுதான் கீறேன். ரெண்டு பேருக்கும். சின்னதுக்கும் சேர்த்து."

ஒரு நிமிஷம் என்று சொல்லி வெளியே வந்து எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் பழைய ரிப்போர்ட்டின் தேதியைக் கேட்டார். பிறகு, "மாத்திரையை அதிக டோஸ்ல இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. அந்த அம்மாகிட்ட பழசைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். என்ன பிரயோஜனம் சொல்லி?" என்றார். நல்ல மனுஷர். மனசில் ஈரம் இருந்துதான் சொன்னார்.

ஆனால் எனக்குச் சின்னவள் ஞாபகம். அவளுக்கு இன்னும் ஒரு தொல்லையும் இல்லை. அவளுக்கும் அதே மாற்றம் இருந்தால் வாழ்நாள் முழுக்க, ஒரு வேளை விடாமல், மாத்திரை போட வேண்டும். நன்றாக ஓடியாடுகிற பெண்ணுக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொடங்கிய மருந்தை எத்தனை நாள் கொடுப்பார்கள்? ஒரு திருவிழா வந்தால் நின்றுவிடும். இதுதான் வியாதி என்று நிரூபித்தாக வேண்டும். அதற்கு மாத்திரையை நிறுத்தி, சில வாரம் கழித்து, சுத்தமான இரத்தத்தில் அளவைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னேன். "நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்களே?" என்றார் டாக்டர். "கேட்பாங்க" என்றேன். "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். மாத்திரை எதுவும் வேண்டாம், சில வாரம் கழித்து இரத்தம் எடுப்போம் என்றேன்.

"சத்து இல்லாம எப்படி மேடம்? ரிப்போட்டு மோசமா வந்துரும்."

"மோசமா இருந்தா மோசமாவே தெரியணும். உள்ளது உள்ளபடி பார்க்கணும்மா."

அவள் என்னையே பார்த்தாள். மீன் விற்கிறவளுக்கு விளக்கம் எதற்கு? "பழைய மீன் செவுளுக்குச் சாயம் தடவி புச்சுன்னு விக்கிறானுங்களே, அத்த மாரி ஆயிடும்ன்றியா?"

"அந்த மாதிரிதான்."

மழுப்பியிருக்கலாம். 'இது வேற டெஸ்ட்டும்மா, வேற மெஷின்' என்று ஒரு பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போய் மனசு கேட்காமல் இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டால்? காரணம் புரியாத தாய் பிள்ளையைப் பட்டினி போடமாட்டாள். அதனால் தெரிந்தேதான் சொன்னேன்.

ஆரோக்கியம் முந்தானையை எடுத்து, காய்ந்திருந்த கையைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ முன்ன பார்த்தது? அதுவும் சாயந்தானா?"

நான் சொன்னேனே, கேள்விதான் ஆபத்து என்று. இதுதான் அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் டக்கென்று பதில் சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்வது கடமை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உண்மையை வாங்கிக்கொண்டு போகிறவள் எந்தத் தெருவில், எந்த மாமியாரோடு வாழப்போகிறாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆமாம் என்று சொன்னால், பிள்ளையின் காலைப் பறித்தது அவள் கை என்று ஆகும். அன்பாக, சுறா புட்டு பிசைந்து ஊட்டிய கை. இல்லை என்று சொன்னால், மாத்திரையை நிறுத்தமாட்டாள், சின்னவள் விஷயம் கெடும். ரிப்போர்ட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். என் முகத்திலேயே அவள் பதிலைப் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் உதடு கோணத் தொடங்கியது.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ம்மா."

அந்தோணி. அவன் ஒரு வார்த்தையை எடுத்து வெளியே வைப்பதற்கு நாம் ஒரு வாக்கியம் பேசிவிடலாம். கழுத்தெல்லாம் இழுத்துக்கொண்டது.

"நான்... முழுங்கல."

"இன்னாடா?"

"மாத்திரை. அப்போ நான் முழுங்கவே இல்ல. நீ... அப்பால போனதும்... துப்பிடுவேன். கசக்கும்."

"ஒரு மாசமும்?"

"ஒரு மாசமும்."

ஆரோக்கியம் எழுந்து அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கஸ்மாலம்! எம்மாம் துட்டுடா அது! கடைக்காரன்கிட்ட கெஞ்சி வாங்கியாந்து குட்த்தா துப்பிட்டியா நீ?" இன்னொன்று வைத்தாள். பிறகு அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. டிஷ்யூ எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. அவள் தோளுக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான். தலை ஆடிக்கொண்டிருந்தது, கண் ஆடவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எண்ணெய் உள்ளே இருக்கிற மாத்திரை அது, கசக்காது. அவன் துப்பியிருந்தால் அந்தப் பழைய இரத்தத்தில் அந்த அளவு வந்திருக்கவே முடியாது. அந்த அறையில் அதை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பல வருஷம் இதையே படித்தவள். இன்னொருத்தன், நாங்கள் அத்தனை பேரும் தாண்டிப் பேசிய பையன். நான் பேசியது ஒன்று விடாமல் கேட்டு, நான் தவித்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்து, அதைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டுவிட்டான்.

"சரிம்மா. இந்தத் தடவை துப்புறதுக்கும் வேலை இல்லை. எதுவும் கொடுக்காதீங்க" என்றேன்.

நான் சொன்னபடியே ஆரோக்கியம் எதுவும் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து எடுத்த இரத்தத்தில் அந்தோணிக்கு வைட்டமின் இருந்ததாகவே சொல்ல முடியாத அளவு. சின்னவளுக்கும் இரண்டு பிரதியிலும் அதே மாற்றம், அளவும் அடிமட்டம். அன்றே இருவருக்கும் மருந்து தொடங்கினோம். ஜெனிபருக்கு இன்றுவரை கால் தடுமாறவில்லை.

அந்தோணி நடக்கவில்லை. நடப்பான் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்தது. அம்மாவின் மீன் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேரம் பேசுகிறவர்களை வம்புக்கு இழுப்பான். "உன் மூஞ்சிக்கு வஞ்சிரம் கேக்குதா நைனா?" என்று ஒரு பெரிய மனிதரைக் கேட்டானாம். ஒரு முறை பரிசோதனைக்கு வந்தபோது அம்மா கீழே போயிருந்தாள். நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவனிடம் நேராகக் கேட்டேன்: "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பாட்டி... போதும் மேடம் அம்மாவத் திட்ட. நீயும் சேரணுமா?"

அவ்வளவுதான் பேசினோம்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். இந்த வியாதி சிலருக்கு இதயத்தையும் பிடிக்கும், அவனுக்குப் பிடித்துவிட்டது. ஜெனிபர்தான் போன் செய்தாள். "அண்ணன் பூட்டான் மேடம்."

குப்பத்துக்குப் போனேன். தெருவை அடைத்து ஷாமியானா. கோயிலிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தையும் மீறி, மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே ஒயுங்கா முழுங்கியிருந்தா இப்படி ஆயிருக்குமாடா? உன் நல்லதுக்குத்தானே குட்த்தேன். துப்பிட்டியேடா. துப்பித் துப்பியே பூட்டியேடா பாவி."

சுற்றி இருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். இத்தனை வருஷமாகப் பலகையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். மருந்து கையில் இருந்தது, இவன்தான் துப்பிவிட்டான் என்று. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் கேட்டுக்கொண்டதுதான் இது, அவனுக்கு முழுசாகவே கிடைத்துவிட்டது.

கிளம்பும்போது ஜெனிபர் தெருமுனை வரை கூட வந்தாள். நல்ல உயரம், நேரான நடை. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தப் போனபோது என் கையைப் பிடித்தாள்.

"மேடம், அண்ணன் நெஜமாவே துப்பிட்டானா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகம் கீது மேடம். மொத டெஸ்ட் அப்போ நான் சின்னப் புள்ள. மாத்திர போட்டுட்டு தெனம் வாயைத் தெறந்து, நாக்கை நீட்டி, எங்கிட்ட காட்டுவான். பாரு, முழுங்கிட்டேன்னு. நான் கை தட்டுவேன்."

இந்தப் பெண்ணுக்கு நான் ஏதாவது கடன்பட்டிருந்தால் அது உண்மை ஒன்றுதான். அவள் இரத்தத்தைப் படித்து, உள்ளது உள்ளபடி சொல்லி, அவள் காலை நிற்க வைத்தவள் நான். தெருவுக்குள்ளிருந்து ஆரோக்கியத்தின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ உனக்கு எத்தனை வயசு? உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கும்?" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுடைய அம்மா அன்று பார்த்த மாதிரியேதான். பிறகு என் கையை விட்டாள்.

"ஆமா மேடம். எனக்கு இன்னா ஞாபகம் இருக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பிடித்துக்கொள்ளத் தெருவுக்குள் ஓடினாள்.